கப்பலில் பிள்ளையை கிளப்பில் விடுவதற்கு முன்

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு மூன்று இரவு கப்பல் பயணம். நான், என் கணவர், நான்கு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்த மகள். கப்பலில் பிள்ளைகளை ஊழியர்களே விளையாடவைத்துப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் கிளப் உண்டு. டிக்கெட் போட்டதும் மாமியார் கேட்டார்: "முகம் தெரியாதவங்ககிட்ட பிள்ளையை விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் சாப்பிடப் போவீங்களா?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிக்கொண்டேதான் இந்தப் பயணத்துக்குத் தயாரானேன்.

முதலில் வயதைப் பாருங்கள். ராயல் கரீபியன் போன்ற பெரிய கப்பல்களில் குழந்தைகள் கிளப் 3 வயதில் தொடங்குகிறது. வயது மட்டும் போதாது, பிள்ளை டயப்பரை விட்டிருக்க வேண்டும். இழுத்து மாட்டும் டயப்பர்கூட ஆகாது. இரவு 10 மணி வரை பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று உங்கள் அறைக் கணக்கில் ஏறும். 3 வயதுக்குக் கீழே என்றால் சில கப்பல்களில் மட்டும் நர்சரி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். பல கப்பல்கள் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதே இல்லை.

அடுத்தது மொழி. பல அம்மாக்கள் யோசிக்காத விஷயம் இது. எங்கள் வீட்டில் தமிழ்தான். மகள் "ஒண்ணுக்கு வருது" என்றுதான் சொல்வாள். கிளப்பில் இருப்பவர்கள் ஏதேதோ நாட்டுக்காரர்கள். பாவம், அவர்களுக்கு அது எப்படிப் புரியும்? அதனால் இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டில் "டாய்லெட்", "வாட்டர்", "அம்மா கால்" (அம்மாவைக் கூப்பிடுங்கள்) ஆகிய மூன்று சொற்களைப் பழக்கினேன். ஒரு அட்டையில் அவள் பேசும் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே பொருளையும் போட்டு, பதிவு செய்யும்போது கொடுத்தேன். அங்கிருந்த பெண் அதை வாங்கி "ஒன்-னு-க்கு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். என் பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

ஏறிய அன்று மதியம் கிளப்பைத் திறந்து எல்லோருக்கும் காட்டுவார்கள். பஃபேயைத் தள்ளிப்போட்டாவது அதற்குப் போங்கள். படிவத்தில் ஒவ்வாமை, பிள்ளையைத் திரும்ப அழைத்துப் போகக்கூடியவர்களின் பெயர் எல்லாம் எழுத வேண்டும். எங்கள் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் வாயாலும் சொன்னேன். மகள் கையில் ஒரு பட்டை கட்டினார்கள். அவசரம் வந்தால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்ற எண் அதில் இருக்கும். அபாயமணி அடித்தால் நாம் கிளப்புக்கு ஓடக் கூடாது. ஊழியர்களே அந்த எண்ணைப் பார்த்துப் பிள்ளையை நம் கூடுமிடத்துக்கு அழைத்து வருவார்கள். பாதுகாப்புப் பயிற்சியில் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், கணவரையும் கேட்கச் சொல்லுங்கள்.

முதல் இரவே எட்டு மணிக்கு விட்டோம். அது தப்பு. மதியத் தூக்கம் இல்லை, புது இடம், கப்பலின் மெல்லிய ஆட்டம் வேறு. பத்தே நிமிடத்தில் அழைப்பு வந்தது. போனபோது ஒரு மூலையில் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள், கன்னமெல்லாம் ஈரம். தூக்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டோம். மறுநாள் காலை இட்லி சாப்பிட்டு, நன்றாக விளையாடி, மனசு தெளிவாக இருந்த நேரத்தில் போனோம். நானும் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து, அவள் களிமண்ணில் கை வைத்த பிறகு, "அம்மா பதினொரு மணிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சொல்லாமல் நழுவாதீர்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். பதினொரு மணிக்கு அவள் வரமாட்டேன் என்றாள்.

ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் போதும் என்பது என் கருத்து. நாள் முழுக்க விட்டால் பிள்ளைக்குக் கடலைக் காட்டவே நேரம் இருக்காது.

பினாங்கில் இறங்கும் நாளில் கிளப் சீக்கிரம் திறக்கும் என்றார்கள். நாங்கள் விடவில்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவிலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டே போனோம்.

உடம்பு விஷயத்தில் கறாராக இருங்கள். வாந்தி, பேதி இருந்தால் கிளப்பில் சேர்க்க மாட்டார்கள், மறைத்து விடவும் கூடாது. வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் கிருமி கப்பலில் வேகமாகப் பரவும், அதற்குக் கையில் தடவும் சானிடைசரைவிட சோப்பும் தண்ணீரும்தான் சரி. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அவள் கையைக் கழுவினேன்.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை பிள்ளை போட வேண்டிய உடுப்பு, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கைப்பையில் எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.