சிம்லிங்க்: கதவில் ஒட்டிய முகவரிச் சீட்டு

அண்ணன் ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூ டிசைன் ஓடு) பட்டறை வைத்திருக்கிறார். டிசைன் படங்களை லினக்ஸ் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வது என் வேலை. தேவகோட்டை வீட்டுக்கு ஒரு ஃபோல்டர், காரைக்குடி வீட்டுக்கு இன்னொன்று என்று ஒரே தாமரைக் கல் படத்தை எட்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்திருந்தேன். அண்ணன் நிறத்தை மாற்றச் சொன்னபோது எட்டில் எதைத் திருத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. இதற்குத்தான் சிம்லிங்க். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலேயே இது உண்டு. மேக்கிலும் வேலை செய்யும்.

பூட்டிய வீட்டுக் கதவில், 'கானாடுகாத்தான் வீட்டில் இருக்கிறோம், அங்கே வரவும்' என்று சீட்டு ஒட்டியிருந்தால் என்ன செய்வோம்? நேரே அங்கே போவோம். சிம்லிங்க் அந்தச் சீட்டுதான். உள்ளே படம் இல்லை, முகவரி மட்டுமே இருக்கிறது.

சரி, செய்து பார்ப்போம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். ஃபோல்டர் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம்.

முதலில், ஹோம் ஃபோல்டருக்குள் கற்கள், தேவகோட்டை என்று இரண்டு ஃபோல்டர் உருவாக்குங்கள். கற்களுக்குள் தாமரை என்ற பெயரில் ஒரு படத்தைப் போடுங்கள். பிறகு டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில் (~ என்றால் உங்கள் ஹோம் ஃபோல்டர்):

எல்என் -எஸ் ~/கற்கள்/தாமரை ~/தேவகோட்டை/தாமரை

ஏற்கெனவே இருப்பது முதலில், புதிதாகப் பிறப்பது பின்னால். நான் பல மாதம் இதை மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கினேன், கம்ப்யூட்டரிடம்தான்.

அடுத்து, சரிபார்க்க:

எல்எஸ் -எல் ~/தேவகோட்டை

தாமரை இருக்கும் வரியின் முதல் எழுத்து 'எல்' என்று இருக்கும். கடைசியில் தாமரைக்குப் பின் ஓர் அம்புக்குறியும் அசல் முகவரியும் தெரியும். அளவைப் பாருங்கள்: படம் 5 எம்பி என்றாலும் இங்கே சில பத்து பைட்தான். அது அந்த முகவரியின் நீளம்.

இனி இந்த இணைப்பை, அதாவது சிம்லிங்க்கை, திறந்து திருத்தினால் திருத்தப்படுவது அசல்தான். ஆர்எம் கட்டளையால் இணைப்பை அழித்தால் சீட்டு மட்டும் கிழியும், படம் பத்திரம். ஃபோல்டருக்கான இணைப்பு என்றால் மட்டும் கவனம்: பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு, 'ஹைஃபன் ஆர்' சேர்த்து அழித்தால், சில சிஸ்டங்களில் அசல் ஃபோல்டருக்குள் இருப்பதும் போய்விடும்.

அசலை அழித்தாலோ பெயர் மாற்றினாலோ? கானாடுகாத்தான் வீட்டையே பிரித்து, தூண்களைக் காரைக்குடி பழம்பொருள் கடையில் விற்றுவிட்டாலும் கதவில் சீட்டு அப்படியே இருக்குமே, அதே கதைதான். இணைப்பு பட்டியலில் தெரியும். திறந்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும்.

என்னை அதிகம் படுத்தியது வேறு. ஹோம் ஃபோல்டரில் நின்றுகொண்டு சுருக்கமாக இப்படித் தட்டினேன்:

எல்என் -எஸ் கற்கள்/தாமரை தேவகோட்டை/தாமரை

பிழை எதுவும் சொல்லவில்லை. ஆனால் திறக்கவும் இல்லை. ஏனென்றால் சுருக்க முகவரி, நான் நின்ற இடத்திலிருந்து அல்ல, சீட்டு ஒட்டிய இடத்திலிருந்து படிக்கப்படுகிறது. தேவகோட்டைக்குள் கற்கள் என்ற ஃபோல்டரைத் தேடியிருக்கிறது! ஒரு படி மேலே போகச் சொல்லி இரண்டு புள்ளி வைக்க வேண்டும். தவறான சீட்டை அழித்துவிட்டு:

எல்என் -எஸ் ../கற்கள்/தாமரை தேவகோட்டை/தாமரை

இதில் ஒரு லாபமும் உண்டு. இரண்டு ஃபோல்டரையும் சேர்த்து வேறு இடத்துக்குத் தூக்கிப்போனாலும் இணைப்பு அறுந்துபோகாது.

'ஹைஃபன் எஸ்' இல்லாமல் எல்என் மட்டும் போட்டால் ஹார்ட் லிங்க். அது சீட்டு இல்லை. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற நம்மூர் வீடு மாதிரி: வாசல் இரண்டு, வீடு ஒன்று. ஒன்றை அடைத்தாலும் மற்றொன்று வழியாக உள்ளே போகலாம். ஆனால் ஃபோல்டருக்கு அப்படி வாசல் வைக்க முடியாது, வேறு டிஸ்க்கில் இருப்பதற்கும் முடியாது. அதனால் பென்டிரைவில் இருக்கும் படத்துக்குச் சிம்லிங்க்தான்.