“வலி விட்டுருச்சும்மா” என்று பெரியவர் சொன்னால்

சர்ஜிகல் வார்டில் நர்ஸாக எனக்கு 22 வருடம் ஆகிறது. பித்தப்பை அழற்சிக்காரர்கள் எங்களிடம் பெரும்பாலும் ராத்திரியில்தான் வருவார்கள். விருந்துச் சாப்பாடு முடிந்து, ‘வாயு பிடிச்சிருக்கு’ என்று சோடா, ஓமத் தண்ணீர், ஜெலுசில் எல்லாம் பார்த்துவிட்டு, வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு. புதிதாக டியூட்டிக்கு வரும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வலி எங்கே போகிறது என்று கேளுங்கள். வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் ஏறினால் பித்தப்பையாக இருக்க வாய்ப்பு அதிகம். விலாவுக்கு அடியில் டாக்டர் கையை வைத்து மூச்சை இழுக்கச் சொல்லும்போது நோயாளி பாதியில் நிறுத்திவிடுவார். அதற்குத்தான் மர்ஃபி சைன் என்று பெயர். ஒருவர் பார்த்தது போதும். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அமுக்கி வதைக்க வேண்டாம். வயதானவரென்றால் ஈ.சி.ஜி. கட்டாயம். மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரும்.

அடுத்தது பட்டினி. பத்தில் ஒன்பது பேருக்குக் கல்தான் காரணம். பித்தப்பையின் வாயை அது அடைத்திருக்கும். கொழுப்பு குடலுக்குள் போனதும் பித்தப்பை சுருங்கும், மூடிய வாயை முட்டும், வலி ஏறும். கட்டிலில் ‘வாய்வழி எதுவும் கூடாது’ என்று அட்டை தொங்கவிட்டால் மட்டும் போதாது. தலையணைக்குப் பின்னால் டீ பிளாஸ்க்கைப் பிடித்திருக்கிறேன். காலையில் மகன், மதியம் மருமகள், ராத்திரி மச்சான் என்று துணைக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்லுங்கள். வாய் கொப்பளிக்க விடுங்கள், உதட்டை ஈரத்துணியால் துடையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வழக்கமான இன்சுலினைப் பழக்கதோஷத்தில் போட்டுவிடாதீர்கள். சாப்பாடு இல்லை என்பதை டாக்டரிடம் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரிப்ஸ் எவ்வளவு ஏறியது, சிறுநீர் எவ்வளவு போனது, இரண்டையும் எழுதுங்கள்.

ஆன்டிபயாடிக்குக்கு முன் ஒவ்வாமை கேளுங்கள். பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எழுதியிருந்தால் முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வலி ஊசியை நேரத்துக்குப் போட்டு, அரை மணி கழித்துப் போய், பத்துக்கு எத்தனை வலி என்று கேளுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். சர்க்கரை உள்ள ஒரு பெரியவர், ராத்திரி இரண்டு மணிக்கு “வலி விட்டுருச்சும்மா, நீ போய் உட்காரு” என்றார். எனக்கும் நிம்மதி. ‘வலி குறைந்துள்ளது’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். வலி ஊசி போட்டு ஆறு மணி நேரம் ஆகியிருந்ததை நான் யோசிக்கவில்லை. நாலரைக்குப் போனால் நாடி 124, வயிறு பலகை மாதிரி. பித்தப்பை ஓட்டையாகியிருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்ப் பிழைத்து வந்தார், ஆனால் வெகு நாள் படுக்கையில் கிடந்தார். மருந்து போட்ட பிறகு வலி குறைந்தால் சரி. மருந்தில்லாமல் சட்டென்று நின்றால் நாடியைப் பிடியுங்கள், பி.பி. பாருங்கள், வயிற்றை மெதுவாகத் தொடுங்கள், டியூட்டி டாக்டரை எழுப்புங்கள். திட்டினால் திட்டட்டும். முதியவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் காய்ச்சலே வராமல் போகலாம். ஆள் குழம்பிப்போய்ப் பேசுவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

கண்ணைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் மஞ்சள் சரியாகத் தெரியாது. சிறுநீர் கட்டன் சாயா நிறத்திலும் மலம் வெளிறியும் போனால் கல் பித்தநாளத்துக்கு இறங்கியிருக்கலாம். அதோடு குளிர்க்காய்ச்சலும் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாக, பித்தப்பையை எடுத்தவருக்குத் தோள் வலிக்கலாம். வயிற்றை உப்பவைக்க விட்ட வாயுவின் வேலை அது. முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சுவலி என்று வீடே அழும். அன்று சாயங்காலமே பிடித்து நடக்க வையுங்கள், மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை ஊத அல்ல, உறிஞ்சச் சொல்லுங்கள். வயிற்றில் வைத்த வடிகுழாயில் லேசான ரத்தநீர் வரலாம். பச்சையாக வந்தால் பித்தம் கசிகிறது, உடனே போன்.

“பையை எடுத்துட்டா எப்படிம்மா ஜீரணமாகும்?” என்று எல்லோரும் கேட்பார்கள். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை சேமித்து மட்டும் வைத்தது என்று சொல்லுங்கள். சில வாரம் இட்லி, ரசம் சாதம், மோர். எண்ணெய் பலகாரம் பிறகு.

ஆபரேஷன் தள்ளிப்போய் வீட்டுக்குப் போகிறவர்களிடம் தேதியை எழுதிக் கொடுங்கள், கூடவே போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். வலி இல்லையென்றால் அவர்களாக வரமாட்டார்கள்.