இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு மாடிப்படி இறங்குவது எப்படி

பிப்ரவரியில் எனக்கு இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று, அது நசுங்கிப் போயிருந்தது. 56 வயதில் அதைத் தவிர வேறு வழி இல்லை என்றார் டாக்டர். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் பழையது. லிஃப்ட் கிடையாது, வீடு இரண்டாவது மாடியில். அன்று மகன் தாங்கிப் பிடிக்க ஏறி வந்தவள், அடுத்த ஐந்து வாரம் படியில் கால் வைக்கவே இல்லை. தையல் பிரிக்கப் போனபோதுகூட நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கித்தான் போனார்கள். வலி போய்விட்டது, பயம் போகவில்லை. அதை எப்படிக் கடந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. டிஸ்சார்ஜுக்கு முன் மூன்று கேள்விகள்

பின்பக்கமாகத் திறந்து செய்தார்களா, முன்பக்கமாகவா? ஆபரேஷன் ஆன காலில் முழு எடை போடலாமா? கட்டுப்பாடுகள் எத்தனை வாரத்துக்கு? இந்த மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பின்பக்கம். அதனால் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மூன்று மாதத்துக்கு அப்படி. முன்பக்கமாகச் செய்துகொண்டவர்களுக்கு விதிகள் வேறு. ஆகவே என்னுடையதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. வீடு

சோபா வேண்டாம். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும், அந்த உயரத்துக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போதும். கமோடுக்கு மேலே வைக்கிற உயரமான இருக்கையை, திருகி இறுக்குகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். சும்மா மேலே வைப்பது நகரும். கால்மிதி, பாய் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிடுங்கள். தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை.

3. படுக்கையிலிருந்து சமையல் மேடை வரை

பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்கி விடுவது, பிட்டத்தை இறுக்குவது, குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்து மடக்குவது. இவற்றை ஃபிசியோ சொல்லிக் கொடுத்துவிடுவார். பாதத்தை அசைப்பதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க, மாத்திரையோடு அதுவும் வேண்டும்.

நிற்க முடிந்ததும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சாய்க்காமல் காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குங்கள். இடுப்பின் வெளிப்புறத் தசை பலவீனமாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாயும். அதைத்தான் நாம் நொண்டுவது என்கிறோம். குக்கர் மூன்று விசில் வருகிற வரை செய்வது என் கணக்கு.

4. வாக்கரிலிருந்து தடிக்கு

தடியை ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். இடது கால் என்றால் வலது கையில். தடியும் அந்தக் காலும் சேர்ந்தே முன்னால் போகும். அப்போதுதான் இடுப்புத் தசையின் சுமை குறையும்.

நான்கு கால் வைத்த தடியைப் பலர் சிபாரிசு செய்வார்கள். எங்கள் கட்டடத்துக் குறுகிய படிகளில் அதன் நான்கு காலும் ஒருசேர உட்காரவில்லை, ஒரு கால் விளிம்புக்கு வெளியே நின்றது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற சாதாரண ஒற்றைத் தடியே நல்லது என்பேன். கையைத் தொங்கவிட்டு நின்றால் கைப்பிடி மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும்.

5. படி

ஃபிசியோ பெண் சொன்னது: "ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது புதுசு முன்னால், ஆன்ட்டி." மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் மேல்படியில் நின்று கீழே பார்த்ததும் உடம்பு நகரவில்லை. மூட்டு கழன்றுவிடுமோ என்ற எண்ணம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய குழப்பம், கை.

ஆஸ்பத்திரியில் பழகிய படிக்கு இரண்டு பக்கமும் கம்பி இருந்தது. எங்கள் படிக்கு ஒரு பக்கம்தான் கம்பி, மறுபக்கம் வெறும் சுவர். ஏறும்போது இடது கைக்கு வருகிற கம்பி, இறங்கும்போது வலது கைக்கு வந்துவிடும். தடியோ எப்போதும் வலது கையில் பிடித்துப் பழகியது. தடியையும் கம்பியையும் ஒரே கையால் பிடிக்கப் பார்த்து, இரண்டும் உறுதியாக இல்லாமல் நின்றேன். ஐந்து வாரம் வீட்டுக்குள் இருந்ததற்கு உண்மையான காரணம் இதுதான் என்று அப்புறம்தான் புரிந்தது.

தீர்வு எளிது. எதிர்க் கை என்ற விதி சமதரைக்கு. படியில் கம்பிக்குத்தான் முதலிடம், தடி மிச்சமிருக்கிற கைக்குப் போகட்டும். நான் இறங்கும்போது வலது கை கம்பியில், தடி இடது கையில். தடியைக் கீழ்ப்படியில் ஊன்று. ஆபரேஷன் ஆன காலை அதன் பக்கத்தில் வை. பிறகு நல்ல காலைக் கொண்டுவந்து அதே படியில் சேர். ஒரு படியில் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்தது. கீழே போகிற கால் சும்மா எட்டி வைக்கிறது, மேலே நிற்கிற கால்தான் முழு உடம்பையும் மடங்கித் தாங்கி இறக்குகிறது. அதனால்தான் பலமுள்ள கால் மேலே நிற்க வேண்டும். இந்தக் காரணம் தெரிந்ததும் எனக்குக் கால் மாறவே இல்லை.

இறங்கும்போது துணைக்கு வருபவர் பின்னால் நிற்கக் கூடாது. ஒரு படி கீழே, நம்மைப் பார்த்து நிற்க வேண்டும். என்னவர் அப்படி நின்றார், கையைப் பிடிக்கவில்லை, பேசவும் இல்லை. முதல் நாள் மூன்று படி இறங்கி, மூன்று படி ஏறினேன். மறுநாள் ஆறு. ஒன்பதாம் நாள் தெருவில் நின்றேன். பூக்காரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூட்டைப் பற்றிய பயம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமுமான அமைப்பை இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் 1962இலேயே பொருத்திவிட்டார். விதிகளை மதித்தால் ஒரு படி இறங்குவதில் அது கழன்றுவிடாது.

6. தெரு, டாக்சி

சயானுக்குத் தெற்கே ஆட்டோ கிடையாது, எங்களுக்கு டாக்சிதான். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்க்கச் சொல்லுங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் ஒன்றாகத் திருப்பி உள்ளே வையுங்கள். சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை போட்டால் வழுக்கிக்கொண்டு திரும்பலாம், கிளம்பும் முன் அதை எடுத்துவிட வேண்டும். நடைப்பழக்கத்துக்கு எனக்குக் கிடைத்தது ஃபைவ் கார்டன்ஸ். காலை ஆறரைக்குப் போனால் நெரிசல் இல்லை. லோக்கல் ரயிலை நான் நான்காவது மாதம் வரை தொடவில்லை. பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியும் உயரமும் அவசரத்தில் தாண்டக்கூடியவை அல்ல.

பின்சேர்க்கை: படித்துவிட்டுக் கேட்டவர்களுக்கு

"கால் நீளமாகிவிட்ட மாதிரி இருக்கிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் இருந்தது. தேய்ந்து சுருங்கிக் கிடந்த பக்கம் சரியான உயரத்துக்கு வரும்போது தசைகள் பழக நாளாகும். மூன்றாவது மாதத்தில் மறந்துவிட்டேன். அதற்குள் செருப்புக்கு அடியில் நீங்களாக எதையும் ஒட்டாதீர்கள், டாக்டர் அளந்து சொல்லட்டும்.

கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது, தைலம் தேய்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். தேய்க்கவே கூடாது. அன்றே டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிவது, திடீர் வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொள்வது, இவை எதற்கும் காத்திருக்கக் கூடாது.

நவராத்திரிக்குக் கொலு வைப்பவர்கள் தரையில் உட்காருவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் டாக்டர் சம்மணம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். இந்த வருஷம் கொலுவுக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொள்ளப் போகிறேன், நமஸ்காரம் நின்றபடி கைகூப்பி.

ஜூனில் மழை ஆரம்பித்ததும் இன்னொன்று கண்டேன். தடியின் அடியில் உள்ள ரப்பர் நான்கு மாதத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தது. மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது, தடியைக் கையோடு எடுத்துப்போய் அளவு பார்த்து மாற்றிவிடுங்கள். ஈரமான மொசைக் படியில் பழைய ரப்பரோடு இறங்க வேண்டாம்.