தெருமுனை கிளினிக்கில் நோய் ஆதரவு சிகிச்சை: வடசென்னை டாக்டர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

"இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால், காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ அந்தக் குடும்பம் அடுத்து வந்து நிற்பது தெருமுனை கிளினிக்கில்தான். வலி, மலச்சிக்கல், மூச்சுத்திணறல், புண் நாற்றம், தூக்கமின்மை என அங்கே செய்வதற்கு நிறைய இருக்கிறது. நோயைக் குணமாக்க முடியாதபோதும் இந்தத் தொந்தரவுகளைக் குறைப்பதுதான் நோய் ஆதரவு சிகிச்சை. ஆனால் கடைசி இரண்டு வாரத்தில் தொடங்கினால் பாதிகூட நடக்காது. அதனால் யாருக்குத் தேவைப்படும் என்பதை நோயாளி நடந்து வரும்போதே கண்டுபிடிக்க வேண்டும்.

எடின்பரோவில் குடும்ப மருத்துவராகவும் ஆய்வாளராகவும் இருந்த ஸ்காட் மரே இந்தக் கேள்வியில்தான் உழைத்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 2005இல் எழுதிய கட்டுரை, நோய் இறங்கும் பாதையை மூன்றாகப் பிரித்துக் காட்டியது. புற்றுநோய்க்காரர் பல காலம் ஓரளவு நன்றாக இருந்து கடைசிச் சில மாதத்தில் சட்டென்று சரிவார். இதய, நுரையீரல் நோயாளி அடிக்கடி விழுந்து எழுவார், ஒவ்வொரு முறையும் எழும் உயரம் குறையும். முதுமைத் தளர்ச்சியும் மறதி நோயும் உள்ளவர் வருடக்கணக்கில் மெல்லத் தேய்வார். நம் ஊரில் முதல் வகையை மட்டுமே கவனிக்கிறோம். இரண்டாம் வகை நோயாளி மாதம் ஒருமுறை நெபுலைசர் வைத்துக்கொள்ள நம் கிளினிக்குக்குத்தான் வருகிறார், யாரும் அவரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

ஒரு நோட்டு போடுங்கள். நாள்பட்ட நோயாளி ஒவ்வொருவரைப் பற்றியும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: "இவர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?" இந்தக் கேள்வி மட்டும் போதாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான தொகுப்பாய்வு, புற்றுநோய் அல்லாதவர்களிடம் இது அதிகம் தவறுகிறது என்று காட்டியது. இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க எடின்பரோவில் உருவான 'ஸ்பிக்ட்' (SPICT) பட்டியலில் உள்ள அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள்: திடீர் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்வது, பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிவது, தானாக எடை குறைவது, மருந்து கொடுத்தும் தீராத தொந்தரவு, பார்த்துக்கொள்பவர் ஓய்ந்துபோவது. இரண்டு மூன்று பொருந்தினால் பெயரை எழுதிவிடுங்கள். நோட்டில் பெயர், நோய், வலி அளவு, வீட்டில் பார்த்துக்கொள்பவர், அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி என ஐந்து கட்டம் போதும்.

வலியை 0 முதல் 10 வரை கேட்டால் சிலருக்குப் புரியாது. "பத்து ரூபா வலின்னா, இப்ப எத்தன ரூபா இருக்கு?" என்று கேளுங்கள், சட்டென்று பதில் வரும்.

மருந்தில் அதிகம் நடக்கும் தவறு, "வலி வந்தா போட்டுக்கோங்க" என்று எழுதிக் கொடுப்பது. தொடர்ந்து இருக்கும் வலிக்கு மாத்திரையும் மணிக் கணக்குப்படி போக வேண்டும். வலி ஏறியபின் அடக்குவதற்கு அதிக மருந்து தேவைப்படும், நோயாளி ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே காத்திருப்பார். லேசான வலிக்கு பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி. வரை, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, மெலிந்தவருக்கு இன்னும் குறைவு. அடங்காவிட்டால் அதைவிட வலுவான டிரமடால் 50 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. வலிப்பு நோய் உள்ளவருக்கு அது வேண்டாம். நாளுக்கு 400 மி.கி.க்கு மேல் ஏற்றிப் பயனில்லை, அதற்கு முன்பே கடும் வலிக்கான மார்ஃபினுக்குப் போய்விடுங்கள்.

மார்ஃபினை எல்லா மருந்துக் கடையிலும் வாங்க முடியாது. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக் கொடுக்கலாம், அங்கே பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும். உங்களுக்கு அருகில் அது எங்கே கிடைக்கிறது, எந்தக் கிழமை, என்னென்ன சீட்டு கேட்பார்கள் என்பதை நோயாளி வலியில் துடிக்கும் முன்பே விசாரித்து வையுங்கள். அளவைப் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் நம்மிடம்தான் வரும்.

மார்ஃபினைப் புதிதாகத் தொடங்குபவருக்கு 10 மி.கி. மாத்திரையில் பாதி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதியவருக்கு 2.5 மி.கி. சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தின் கழிவு உடலில் தேங்கும் என்பதால் அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுங்கள். 10 மி.கி. எடுப்பவர் என்றால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று, இரவு 10 மணிக்கு இரண்டு. அப்போது நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. ஆக நாளுக்கு 60 மி.கி. இடையில் வலி பீறிட்டால் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 மி.கி. கூடுதலாக. அப்படி ஒரே நாளில் மூன்று முறை தேவைப்பட்டால் மொத்தம் 90 ஆகிறது, ஆகவே மறுநாளிலிருந்து வேளைக்கு 15 மி.கி. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தால், எழுப்பினாலும் சரியாக எழாவிட்டால், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போனால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே நோயாளியைப் பார்க்க வேண்டும்.

மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும், அதனால் தொடங்கும் அன்றைக்கே மலமிளக்கியான பிசாகோடில் 5 மி.கி. மாத்திரை இரண்டு, இரவில் போடும்படி எழுதிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் குடும்பமே மார்ஃபினை நிறுத்திவிடும். இசப்கோல் கொடுக்காதீர்கள், தண்ணீர் அதிகம் குடிக்காதவருக்கு அது குடலில் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். முதல் சில நாள் குமட்டல் இருக்கும், அதற்கு மெட்டோகுளோபிரமைடு போதும்.

நாற்றமடிக்கும் புண்ணைப் பார்த்துத்தான் பல வீடுகளில் சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்துகிறார்கள். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து கழுவச் சொல்லுங்கள். ஒட்டிய துணியை இழுக்காமல், இதே தண்ணீரால் நன்றாக நனைத்து எடுக்க வேண்டும். கிருமிக்கொல்லியான மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவு போலப் பொடித்துப் புண்ணில் தூவினால் சில நாளில் நாற்றம் குறையும். கட்டுத்துணிக்குக் காசு இல்லாத வீட்டில் பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, துண்டு துண்டாக வெட்டி, மூடிய டப்பாவில் வைத்து குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வேகவிடலாம். ரத்தம் கசியும் புண் என்றால் கரும் நிறத் துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் நோயாளி பயந்துவிடுவார்.

மூச்சுத்திணறலுக்கு டேபிள் ஃபேனைக் கன்னத்தில் படும்படி வைப்பது உண்மையிலேயே உதவும். தலையணையை மேசைமேல் வைத்து முன்சாய்ந்து உட்கார வையுங்கள். ஒற்றை அறை வீட்டில் கொசுவத்திச் சுருள் வேண்டாம், கொசுவலை கட்டச் சொல்லுங்கள்.

"நைனாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று மகன் வாசலிலேயே மடக்குவார். அவரோடு சண்டை வேண்டாம், வாக்கும் கொடுக்க வேண்டாம். உள்ளே போய், "ஆஸ்பத்திரியில உங்களுக்கு என்னன்னு சொன்னாங்க நைனா?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். பலருக்குத் தெரிந்தே இருக்கும். மேலே தெரிந்துகொள்ள வேண்டாம் என்றால் அதையும் மதிக்க வேண்டும்.

வாரியக் குடியிருப்பின் குறுகிய படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, கை வைத்த உறுதியான நாற்காலியில் தூக்கி இறக்கப் பழக்குங்கள். நவம்பர், டிசம்பரில் ஒரு வார மருந்து கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. ஆக்சிஜன் மிஷின் கரண்ட் போனால் நின்றுவிடும், மாற்று சிலிண்டர் அவசியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதியுங்கள்.

நோய், மருந்து, நோயாளியின் விருப்பம், உங்கள் போன் நம்பர் எல்லாம் ஒரே தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் மாட்டச் சொல்லுங்கள். இரவில் 108 வந்தால் அவர்கள் கையில் கிடைக்க வேண்டியது இந்தத் தாள்தான்.

வீட்டில் இறந்தால், கடைசி நோயில் பார்த்த டாக்டர் இறப்புக் காரணச் சான்றைப் படிவம் 4ஏவில் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். காரணத்தில் 'இதயம் நின்றது' என்று எழுதாதீர்கள், அடிப்படை நோயை எழுதுங்கள். பதிவுக்கு 21 நாள் அவகாசம் உண்டு என்பதையும் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள். மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள்.