ஒரே பெயர், ஆறு படம்: ‘காக்கா’ தொடரில் சறுக்கும் இடங்கள்

ஒரே பெயரில் அழைக்கப்படும், ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாத இடம், உயிர், பொருள் எல்லாவற்றையும் படமெடுத்து வரிசையாக வைப்பது பார்க்கச் சுலபமான வேலை போலத் தெரியும். வடசென்னையில் இதற்கு ‘காக்கா’வைவிடத் தோதான சொல் கிடைப்பது கஷ்டம். காசிமேட்டில் மீன் கூடையைச் சுற்றுவது காக்கா. எண்ணூர் கழிமுகச் சேற்றில் அப்பிக் கிடப்பது காக்கா ஆழி. காக்காதோப்பு ஓர் இடம். மண்ணடியில் காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுவது காக்கா. பழைய இஸ்திரிப்பெட்டிக்குள் மினுங்குவது காக்காப்பொன். மிட்டாயைச் சட்டைத் துணியில் சுற்றிக் கடித்துப் பங்கு வைப்பது காக்கா கடி.

ஆறும் கையில் இருந்தும் தொடர் சொதப்புவதுண்டு. முதல் காரணம், எது சேரும் எது சேராது என்று தீர்மானிக்காமலே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. அண்டங்காக்காவை இரண்டாவது படமாக வைப்பவர்கள் நிறைய. அதுவும் காக்காதானே? பெயரும் ஒன்று, இனமும் ஒன்று என்றால் இந்தத் தொடரில் அதற்கு வேலையில்லை. நீர்க்காகம் கொஞ்சம் விவாதத்துக்குரியது. அது காக்கை இனமே அல்ல, ஆனால் கறுப்பைப் பார்த்து வைத்த பெயர் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். அதில் ஆச்சரியம் கிடையாது, விட்டுவிடலாம். காக்கா, காக்காய், காக்கை, காகம் ஆகிய நான்கில் எந்த வடிவம் கணக்கு என்பதையும் முதலிலேயே எழுதி வையுங்கள். எல்லாமே கணக்கு என்றால் பட்டியல் அனுமார் வால்.

பறவையிலிருந்து தொடங்குவோம். அதிகம் கெடுவது அந்தப் படம்தான். கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். காக்கா படச் சட்டத்தை நிறைத்து உட்கார்ந்தால், இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு வெளுத்து, பழைய குடைத்துணி நிறத்துக்கு வந்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை இறக்குங்கள். அதே காக்கா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் கதை தலைகீழ். பிளஸ் 1 வரை ஏற்றாவிட்டால் வெறும் நிழலுருவம்தான் மிஞ்சும். அதைவிட, நாலடி நகர்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பின்னணியாக்கிக்கொள்வது மேல்.

சரியாக வந்ததா என்று பார்க்க, இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைவிட நல்ல அளவுகோல் வீட்டுக் காக்காவின் கழுத்திலேயே இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்துச் சாம்பலும் தலைக் கறுப்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இரண்டும் கலந்து கறுப்பானால் வெளிச்சம் குறைவு. தலையும் சாம்பலானால் அதிகம். சாய்வான காலை வெயிலில் இறக்கையில் நீலமும் ஊதாவும் ஓடும், உச்சி வெயிலில் அது கிடைக்காது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால்தான் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அது இல்லாத காக்காவுக்குக் கண் இருப்பதே தெரியாது. பறக்கும்போது எடுப்பதானால் ஷட்டர் 1/1600க்குக் குறையக் கூடாது. மொபைல் என்றால் பறவைமேல் விரலை வைத்துவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

அமாவாசையன்று சோறு வைக்கும் மாடிகள் நல்ல வாய்ப்பு. ஆனால் வெள்ளைச் சோறும் கறுப்புப் பறவையும் ஒரே சட்டத்தில் என்றால் சோறு வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளுத்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, கறுப்பைக் கொஞ்சம் தூக்கலாம். காசிமேட்டு ஏலத்தை நம்பிப் போகிறவர்கள் தேதியையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அந்தப் பரபரப்பு இருக்காது.

அடுத்தது காக்கா ஆழி. கடற்கரைப் பேச்சில் ஆழி என்றால் சிப்பி. ‘கடல்’ என்று புரிந்துகொண்டு குறிப்பு எழுதினால் கடலோரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். இது தென், மத்திய அமெரிக்கக் கடலோரங்களைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் சேற்றுத் தரையை விரிப்பு மாதிரி மூடி, இறால் ஒதுங்கும் இடத்தைப் பறித்துக்கொண்டிருக்கிறது. ஒற்றைச் சிப்பியைக் கையில் எடுத்துக் குளோசப் எடுப்பதுதான் வழக்கமான தவறு. இரண்டு மூன்று சென்டிமீட்டர்ச் சிப்பி ஒன்று எதையும் சொல்லாது. நாரால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாகப் பரவிக் கிடப்பதுதான் சேதி. அகலமாக ஒரு படம், கொத்தின் பக்கத்தில் கையோ பத்து ரூபாய் நாணயமோ வைத்து ஒரு படம், இரண்டும் வேண்டும். பச்சை ஆழியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வளர்ந்தால் இதைவிடப் பல மடங்கு பெரிது, தின்பதற்கு எடுப்பது.

வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தில், போனால்தான் தரை தெரியும். இங்கே ஏற்ற வற்ற வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான், ஆகவே கொஞ்சம் தாமதித்தாலும் காட்சி தண்ணீருக்குள் போய்விடும். ஈர ஓட்டின் பளபளப்பை, லென்ஸ்மேல் மாட்டும் போலரைசிங் ஃபில்டரைத் திருப்பி அடக்கலாம். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதி) என்பதால் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு இறங்க வேண்டாம், ஓடு பிளேடு மாதிரி அறுக்கும். உயிரோடு இருப்பதை டப்பாவில் எடுத்துப்போய் வேறு நீர்நிலையில் கொட்டவே கூடாது. ஊடுருவி வந்த உயிருக்கு நாமே வண்டி பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகும். சுற்றியிருக்கும் அனல்மின் நிலையம், துறைமுகம் பக்கம் ட்ரோனைத் தூக்காதீர்கள்.

காக்காப்பொன் என்பது அப்பிரகம், அதாவது மைக்கா. ஆனால் மரக்கடையில் போய் மைக்கா என்று கேட்டால் மேசைமேல் ஒட்டும் லேமினேட் தகட்டை எடுத்து நீட்டுவார்கள். அதைப் படமெடுத்து காக்காப்பொன் என்று போட்டால் மானம் போகும். பாரிமுனைப் பக்கம் எலக்ட்ரிகல் உதிரிபாகக் கடையில் ஸ்டீம் இல்லாத பழைய மாடல் இஸ்திரிப்பெட்டியின் எலிமென்ட் கேளுங்கள். சூடேறும் நைக்ரோம் கம்பிப் பட்டை எதன்மேல் சுற்றப்பட்டிருக்கிறதோ அந்தத் தகடுதான் அசல். ஓரத்தில் பிளேடு நுனியைச் செருகினால் வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாகப் பிரியும். கறுப்புத் துணிமேல் வைத்து, டேபிள் விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, மினுக்கு வரும்வரை விளக்கை நகர்த்துங்கள், கேமராவை அல்ல. கேமரா ஃப்ளாஷ் நேராக அடித்தால் வெள்ளைத் திட்டுதான் கிடைக்கும்.

காக்காதோப்பில் நடக்கும் தவறு வேறு மாதிரி. பெயர்ப்பலகை இல்லாமல் எடுத்தால் அது எந்தத் தெருவாகவும் இருக்கலாம். மதுரையிலும் காக்காதோப்புத் தெரு உண்டு. பலகையில் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே தலைப்பிலும் எழுதுங்கள், ஒற்று சேர்த்துத் திருத்த வேண்டாம். இரவில் ஃப்ளாஷ் போட்டால் ஒளி திருப்பும் பலகையில் எழுத்தே தெரியாது. ஒரு காலத்தில் இங்கே காக்கா நிறைய இருந்தது என்று கேள்விப்பட்டதை வரலாறாக்காதீர்கள். வடசென்னை என்றதும் கேரம் போர்டையும் முறைத்துப் பார்க்கும் இளைஞனையும் தேடிப் போகும் பழக்கத்தையும் விடலாம். காலை ஏழு மணிக்குக் குழாயடிக் குடங்களும் பள்ளிக்கூடப் பைகளும்தான் எந்தத் தெருவிலும் முதலில் கண்ணில் படும்.

மனிதரைப் படமெடுக்கும்போது ஒரு தவறு மற்ற எல்லாவற்றையும்விட மோசமானது. மண்ணடியில் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு காக்காவின் படத்தையும் பறவையின் படத்தையும் அடுத்தடுத்து ஒட்டினால், எடுத்தவர் நினைத்தது சொல் விளையாட்டு, பார்ப்பவர் கண்ணுக்குக் கேலி. நிறத்தைச் சொல்லிக் ‘காக்கா’ என்று பழிப்பது நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. தொடர் என்ன, பக்கத்தில் என்ன படம் வரும் என்பதைக் காட்டிவிட்டுத்தான் சம்மதம் கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு படமாவது இருக்கட்டும். காக்கா கடிக்கும் இதே ஒழுங்கு. பெற்றோர் சரி என்ற பிறகே குழந்தையின் முகம். மிட்டாய் துணிக்குள் மறைந்துவிடுவதால் ஒற்றைப் படம் புரியாது. சுற்றுவது, கடிப்பது, உடைந்த இரண்டு துண்டு என்று மூன்று சட்டமாக எடுங்கள். வலிப்பு நோய்க்கும் இந்தப் பெயர் உண்டென்று யாராவது யோசனை சொல்வார்கள். அது படமெடுக்கும் விஷயமே அல்ல.

ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் லென்ஸ் வியர்க்கும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். உப்புக்காற்றில் நின்ற கேமராவை ஈரத்துணியால் ஒற்றிய பிறகே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

வரிசையில் பறவையை முதலில் வைக்காதீர்கள். வைத்தால் மற்ற ஐந்தும் அதன் வால் மாதிரி ஆகிவிடும். சேற்றுச் சிப்பியில் தொடங்கி, கழுத்துச் சாம்பல் தெளிவாக வந்த அந்தப் படத்தைக் கடைசியில் வையுங்கள்.