வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, இப்போது அதில் என்ன இருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலானோருக்கு அது தெரிவதில்லை. 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல், இயங்குதளத்தோடு சேர்ந்தே ஒரு முழுமையான ஆன்டிவைரஸ் வருகிறது. முன்பு விண்டோஸ் டிஃபெண்டர் என்றும் இப்போது மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்றும் அழைக்கப்படும் அந்த மென்பொருள், வேறு எதையும் நாம் நிறுவாதபோது தானாகவே காவலுக்கு நிற்கும். ஆப்பிள் கணினிகளிலும் எக்ஸ்புரொடெக்ட் என்னும் சோதனை அமைப்பு 2009 முதல் உள்ளேயே இயங்கிவருகிறது. ஆகவே தேர்வு கடையில் தொடங்குவதில்லை. ஏற்கெனவே இருப்பது போதுமா, போதாதென்றால் எந்த இடத்தில் போதவில்லை என்ற கேள்வியில் தொடங்குகிறது.

விண்டோஸ் கணினியில் இதை அறிய, ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, வைரஸ் பாதுகாப்புக்கான பகுதியைப் பாருங்கள். தற்போது காவலில் இருப்பது எந்த மென்பொருள் என்பது அங்கே எழுதியிருக்கும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஏதோ ஒரு நிறுவனத்தின் சோதனைப் பதிப்பு முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கும்; அது இயங்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியிருக்கும். என் உறவினர் ஒருவரின் மடிக்கணினியில் அப்படி வந்த பதிப்பு காலாவதியாகி மாதக்கணக்காகியிருந்தது. அதற்கு மேல், வேறொரு மென்பொருளைப் பதிவிறக்கியபோது ஒட்டிக்கொண்டு வந்த இலவச ஆன்டிவைரஸ் ஒன்றும் இருந்தது. கணினி மெதுவாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்று அவர் முடிவுசெய்திருந்த நிலையில், இரண்டையும் நீக்கி டிஃபெண்டரை இயக்கியதும் அது பழைய வேகத்துக்குத் திரும்பியது. இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருந்தால் பாதுகாப்பும் இருமடங்கு என்று நினைப்பது தவறு. திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் போட்டியிட்டு ஆராயும். ஒன்றின் செயலை மற்றொன்று சந்தேகிக்கும். நிகழ்நேரக் காவல் செய்யாமல், நாம் கேட்கும்போது மட்டும் சோதிக்கும் மென்பொருளைக் கூடுதலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஒரு மென்பொருளை மற்றொன்றோடு ஒப்பிட, அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே அறியப்பட்ட தீங்கு நிரல்களின் அடையாளங்களோடு கோப்பை ஒப்பிடுவது பழைய முறை. அது இன்றும் தேவைதான், ஆனால் நேற்றுப் பிறந்த நிரலை அதனால் பிடிக்க முடியாது. அதனால் இன்றைய மென்பொருள்கள் ஒரு நிரலின் நடத்தையையும் கவனிக்கின்றன. குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆவணங்களைத் திறந்து, குறியாக்கம் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி), பெயரை மாற்றும் நிரல் முன்பின் அறியாததாக இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டியதே. சந்தேகம் தீராத கோப்பின் விவரத்தைத் தம் நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பி நொடிகளில் தீர்ப்புக் கேட்பதும் உண்டு. இத்தனை கோடி வைரஸ்களை அறிந்தது என்று அட்டையில் அச்சிடுவதை நான் பொருட்படுத்துவதில்லை. நாளை வரப்போவதை எப்படிக் கையாளும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவை தனிச் சோதனைக்கூடங்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், பிரிட்டனின் எஸ்இ லேப்ஸ் ஆகிய மூன்றும் தங்கள் முடிவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 என, மொத்தம் 18 மதிப்பெண் அளிக்கிறது. முன்னணி மென்பொருள்கள் பெரும்பாலும் முழு மதிப்பெண்ணையோ அதை ஒட்டியோ பெறுவதால், ஒரே ஒரு சுற்றின் முடிவைப் பார்த்து முதலிடத்தைத் தேடுவதில் பயனில்லை. ஓராண்டின் சுற்றுகளைச் சேர்த்துப் பார்த்து, சறுக்காமல் நிற்பது எது என்று கவனியுங்கள். பிழையான எச்சரிக்கைகளின் எண்ணிக்கையையும் தவறாமல் பாருங்கள். நல்ல கோப்புகளைத் தீயவை என்று அடிக்கடி அலறும் மென்பொருள், வீட்டிலுள்ளவர்களை எச்சரிக்கையைப் படிக்காமலே மூடிவிடப் பழக்கிவிடும். அந்தப் பழக்கம் வந்தபின் உண்மையான எச்சரிக்கைக்கும் மதிப்பிராது. 'சிறந்த பத்து ஆன்டிவைரஸ்' என்று பட்டியல் போடும் தளங்கள் பல, விற்பனையில் தரகு பெறுபவை. சோதனைக்கூட அறிக்கையைப் பார்க்கும் கண்ணோடு அவற்றைப் பார்க்க வேண்டாம்.

இந்தச் சோதனைகளில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரும் இடம்பெறுகிறது. ஏவி-டெஸ்ட்டின் பல சுற்றுகளில் முழு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறது. இணைய இணைப்பு இல்லாதபோது அதன் கண்டறியும் திறன் குறைவதை ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினிக்கு இது பெரிய குறையல்ல. இணைப்பு அரிதாகக் கிடைத்து, பலருடைய பென் டிரைவ்கள் வந்து செருகப்படும் கணினிக்கு இது உண்மையான குறை; அங்கே வேறொன்றைத் தேடுவது நியாயமே. மற்றபடி, புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் நிறுவிக்கொள்ளும் ஒருவருக்கு டிஃபெண்டரும் ஒரு நல்ல உலாவியும் போதும் என்பது என் கருத்து. போலி வலைத்தளங்களைத் தடுக்கும் வசதி எட்ஜ், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் உள்ளேயே இருக்கிறது.

பணம் கொடுத்து வாங்குவதென்றால் எதற்காக என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். விலை உயர்ந்த தொகுப்புகளில் ஃபயர்வால் (வேண்டாத இணையத் தொடர்புகளைத் தடுக்கும் அரண்), கடவுச்சொல் பெட்டகம், விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைகுறியாக்கி வேறொரு சேவையகத்தின் வழியே அனுப்பும் சேவை), குழந்தைகளுக்கான கட்டுப்பாடு என்று பலவும் அடங்கியிருக்கும். ஃபயர்வால் விண்டோஸிலேயே உண்டு. குழந்தைகளுக்கான கட்டுப்பாட்டையும் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. தொகுப்போடு வரும் விபிஎன் பலவற்றில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு கட்டியிருப்பார்கள். வெவ்வேறு இயங்குதளங்கள் கொண்ட நான்கைந்து கருவிகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டியிருந்தாலோ, சிக்கல் வந்தால் பேசித் தீர்க்க ஓர் ஆள் வேண்டும் என்றாலோ சந்தா பயனுள்ளதுதான். அப்போதும் முதலாண்டுச் சலுகை விலையைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டு விலையைப் பாருங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, அதை நிறுத்தும் வழி எங்கே என்பதை அட்டை எண்ணைக் கொடுப்பதற்கு முன்பே கண்டுவையுங்கள்.

நிறுவனத்தின் நேர்மையை நான் விலைக்கு முன் வைப்பேன். கணினியின் ஒவ்வொரு கோப்பையும், செல்லும் ஒவ்வொரு இணைய முகவரியையும் காணும் உரிமையை நாமே ஆன்டிவைரஸுக்குக் கொடுக்கிறோம். அவாஸ்ட் நிறுவனம் பயனர்களின் உலாவல் விவரங்களைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனத்தின் வழியாக விற்றதாகக் குற்றம் சாட்டிய, அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், 2024இல் அந்நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. பெயர் வேறு என்பதாலேயே நிறுவனமும் வேறு என்று எண்ணிவிடக் கூடாது: நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா ஆகிய நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. எனவே தனியுரிமைக் கொள்கையில், சேகரிக்கும் விவரங்களை மூன்றாம் தரப்புக்குத் தருவதைப் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். நிறுவும்போது தரவுப் பகிர்வுக்குக் கேட்கப்படும் அனுமதிகளை மறுக்கலாம். வற்புறுத்தி வரும் உலாவி நீட்டிப்புகளையும் தவிர்க்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் முப்பது நாள் சோதனைப் பதிப்பை முதலில் உங்கள் கணினியிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட கணினியில் வேறுபாடு உடனே தெரியும்: கணினி எழும் நேரம், பெரிய கோப்புறையை நகலெடுக்கும் நேரம், உலாவி திறக்கும் நேரம் ஆகியவற்றை நிறுவுவதற்கு முன்னும் பின்னும் குறித்துவைத்தாலே போதும். பழைய ஆன்டிவைரஸை வழக்கமான முறையில் நீக்கினால் எச்சங்கள் தங்குவதுண்டு. அதற்கென அந்தந்த நிறுவனம் தரும் நீக்கக் கருவியைப் பயன்படுத்திவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே புதியதை நிறுவுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து பதிவிறக்குவது நல்லது.

எந்த ஆன்டிவைரஸாலும் ஈடுசெய்ய முடியாத சில உண்டு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீங்கு நிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதிருந்த கணினிகளே பெருமளவில் சிக்கின. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதில் இருப்பவர்களுக்கு ஆன்டிவைரஸைவிட இயங்குதளமே முதல் கவலையாக இருக்க வேண்டும். திருட்டு மென்பொருளை நிறுவும் குறிப்புகளில் முதல் வரியே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வதாக இருக்கும். அணைத்தவுடன் இதுவரை செய்த தேர்வெல்லாம் வீண். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்களுக்கு எதிராக, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்படும் வெளி வட்டில் ஒரு காப்பு நகல் அவசியம். நம்பிக்கைக்குரியதல்லாத நிரல்கள் முக்கியக் கோப்புறைகளில் கைவைக்காமல் தடுக்கும் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற பாதுகாப்பும் விண்டோஸில் இருக்கிறது. அது இயல்பாக அணைந்திருக்கும், நாமே இயக்க வேண்டும்.

நிறுவி முடித்ததும், ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட ஐகார் (EICAR) சோதனைக் கோப்பைப் பதிவிறக்கிப் பாருங்கள். 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, தீங்கற்ற அந்தக் கோப்பை வைரஸாகவே நடத்துவது என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. உங்கள் மென்பொருள் விழித்திருந்தால் உடனே தடுக்கும். அந்த நேரத்தில் வீட்டிலுள்ள எல்லோரையும் அருகில் அழைத்து, உண்மையான எச்சரிக்கை எந்த மூலையில், எந்த வடிவில் தோன்றுகிறது என்பதைக் காட்டிவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்பதையும் அப்போதே சொல்லிவைத்தால், உலாவி முழுவதையும் மறைத்து ஒலியெழுப்பி, இந்த எண்ணை உடனே அழையுங்கள் என்று மிரட்டும் பக்கம் ஒன்று வரும்போது, அதை மூடிவிட்டு எழுந்து வர அவர்களுக்குத் தெரியும்.