நூலகத்தைச் சுற்றிக் காட்டினால் போதாது: மாணவர்களுக்குத் தேடக் கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி திறந்ததும் பாளையங்கோட்டையில் முதலாண்டுப் பிள்ளைகளை வரிசையாக நூலகத்துக்குக் கூட்டி வருவார்கள். இது ரெஃபரன்ஸ் பகுதி, இது பத்திரிகைப் பகுதி, ஐடி கார்டு இல்லாமல் உள்ளே வரக்கூடாது, பையை வெளியே வைக்க வேண்டும், நாள் கடந்தால் ஃபைன் என்று ஒரு பீரியடில் எல்லாம் முடிந்துவிடும். தகவல் தேடும் பயிற்சி நடத்தியதாக ஆண்டறிக்கையிலும் ஏறிவிடும். நூலகர்களாகிய நாம் செய்கிற பெரிய தவறு இதுதான், மற்றவற்றில் பாதி இதிலிருந்து கிளைப்பவை. அந்த நேரத்தில் பிள்ளைகள் கையில் ஒரு கேள்வியும் கிடையாது. தேட வேண்டிய பொருளே இல்லாதவர்களுக்குத் தேடும் வழியைச் சொன்னால் அது எங்கே தங்கும்? அதே பிள்ளை மூன்றாமாண்டில் பிராஜக்ட் தலைப்பை வைத்துக்கொண்டு முழிக்கும்போது நாம் பக்கத்தில் இருப்பதில்லை. வகுப்பை அங்கே நகர்த்துங்கள். துறை ஆசிரியரிடம் பேசி, அசைன்மென்ட் கொடுக்கிற வாரத்திலேயே ஒரு பீரியட் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கேட்டவுடன் புத்தகத்தை எடுத்து நீட்டுவது. "தாமிரபரணி பத்தி ஏதாவது இருக்கா சார்?" என்று ஒரு மாணவி கேட்கிறாள், நாம் நல்ல மனதோடு மூன்று புத்தகங்களை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, அதைப் பலர் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அவளுக்கு முதலில் தேவை புத்தகம் அல்ல. ஆற்றின் எந்தப் பகுதி, எந்தக் காலம், அணையா, மணலா, சாக்கடை கலப்பதா, பாசனமா என்று நாலு கேள்வி கேட்டால் அவளே தன் தலைப்பைச் சுருக்கிக்கொள்வாள். பாபநாசத்துக்குக் கீழே உள்ள கால்வாய்ப் பாசனம் என்று அது சுருங்கிவிட்டால் தேடலில் பாதி முடிந்த மாதிரி.

தேடும் சொற்களைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது, நம் பகுதியைப் பற்றி எழுதும் மாணவர்களுக்கு உண்மையிலேயே நஷ்டம். 'திருநெல்வேலி மாவட்டம்' என்று தேடினால் வருகிற எண்கள் எல்லாம் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பவை அல்ல. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கு மேல், ஆனால் அதில் தென்காசியும் சேர்ந்திருக்கிறது, அது தனி மாவட்டமானது 2019-ல். தூத்துக்குடி பிரிந்தது 1986-ல். 1917-ல் வந்த, எச். ஆர். பேட் எழுதிய கெசட்டியரை (வெள்ளைக்காரர் காலத்து மாவட்ட விவரத் தொகுப்பு) எடுத்தால் தூத்துக்குடி, கோவில்பட்டி எல்லாம் உள்ளே இருக்கும். இது தெரியாத பிள்ளை பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாவட்டத்தில் ஜனத்தொகை குறைந்துவிட்டது என்று முடிவே எழுதிவிடும். எண்ணில் பிழை இல்லை, எல்லை மாறியிருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க எந்த மென்பொருளும் வேண்டாம், மூன்று ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதினாலே போதும்.

ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டால் வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்கள் பெரும்பாலும் கண்ணில் படாது. கால்டுவெல் 1881-ல் எழுதிய மாவட்ட வரலாற்றில் திருநெல்வேலி 'டின்னவெல்லி', பாளையங்கோட்டை அந்தக் காலத்து ஏடுகளில் 'பாலம்கோட்டா', தூத்துக்குடி 'டூட்டிகோரின்'. இந்தப் பழைய வடிவங்களை ஒரு தாளில் எழுதி நூலகக் கணினிகளின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இன்னொன்று, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ இன்டர்நெட் ஆர்க்கைவிலோ இருக்கிற பழைய தமிழ் நூல்களில் பல வெறும் பக்கப் படங்கள்தான், உள்ளே இருக்கிற சொல்லை வைத்துத் தேடினால் அகப்படாது. தலைப்பை வைத்துப் பிடித்து, பொருளடக்கத்தைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் "தேடினோம், ஒண்ணும் இல்ல சார்" என்று முடித்துக்கொள்வார்கள்.

நம்பகமான தளத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்விப்பட்டியலைக் கொடுத்து டிக் போடச் சொல்வதும் பழக்கமாகிவிட்டது. எழுதியவர் யார், தேதி என்ன, முகவரி எப்படி முடிகிறது, பார்க்க நேர்த்தியாக இருக்கிறதா... இது போதாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் சில தளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். நன்றாகப் படித்தவர்களே லோகோவையும் முகவரியையும் பார்த்துப் பல இடங்களில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் தங்கவே இல்லை. சட்டென்று வெளியே வந்து, புது டேப் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்க ஒரு நல்ல பாடம் கைவசம் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை என்ற செய்தி எல்லா போனுக்கும் வந்தது. அது உண்மையா, யார் அளந்தது, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று தேடச் சொல்லுங்கள். வானிலைத் துறை மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறது என்பதையும், அந்த 95 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்துக்கு உரியது என்பதையும் அவர்களே போய்ப் பிடிக்கட்டும். சொந்த ஊர் மூழ்கிய விஷயம் என்பதால் தூங்கமாட்டார்கள்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக: களக்காட்டிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வருகிற பிள்ளைகளிடம் பூலியன், கீவேர்ட், டேட்டாபேஸ் என்று ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டாதீர்கள். தமிழில் பேசுங்கள், அவர்கள் கையில் இருக்கிற போனிலேயே தேடிக் காட்டுங்கள்.

காப்பி அடிக்காதே என்று மிரட்டுவதையே முழுப் பாடமாக்குவதும் தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. அது மாணவர் காதில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் விழுகிறது. சொற்கள் எங்கேயாவது ஒத்துப்போகிறதா என்று மட்டுமே காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பார்க்கும். சொன்னது சரியா, மேற்கோள் காட்டிய நூலை எழுதியவர் திறந்தாவது பார்த்தாரா என்பது அதற்குத் தெரியாது. ஒருவர் சொன்னதை எடுத்தால் அவர் பெயரைச் சொல்வது மரியாதை, படிக்கிறவர் போய்ச் சரிபார்ப்பதற்கான வழியும் அதுதான். இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடுகிறது.

சாட்ஜிபிடியை அடியோடு விலக்கச் சொல்வது நடக்கிற காரியமில்லை. மாணவர்கள் எப்படியும் பயன்படுத்துவார்கள், நமக்குத் தெரியாமல் பயன்படுத்துவார்கள். அதனிடம் ஒரு தலைப்புக்கு ஐந்து நூல்கள், ஆய்வேடுகள் கேட்டு, ஒவ்வொன்றையும் நம் கேட்லாக்கிலும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவிலும் தேடச் சொல்லுங்கள். ஆசிரியர் பெயர் உண்மை, தலைப்பு மட்டும் கற்பனை என்று ஒன்றிரண்டு வரலாம். அதை நாம் சொல்லிக் கேட்பதைவிட அவர்களே கண்டுபிடிப்பது நல்லது. சோத்கங்காவைத் திறந்த கையோடு இன்னொன்றும் காட்டுங்கள்: மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்றை எடுத்து, கடைசியில் இருக்கிற நூற்பட்டியலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிற வழி. கூகுளில் ஒரு மணி நேரம் அலைவதைவிட இது பல நேரம் வேகமானது.

கடைசியாக, எத்தனை பேர் வந்தார்கள் என்று கையெழுத்துத் தாளை எண்ணிவிட்டுப் பயிற்சி வெற்றி என்று எழுதாதீர்கள். பிராஜக்ட்டோடு ஒரே ஒரு பக்கம் சேர்த்துக் கேளுங்கள்: என்ன சொல் போட்டுத் தேடினேன், என்ன கிடைத்தது, எதை வேண்டாம் என்று ஒதுக்கினேன், ஏன். வைவாவில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வியாவது கேட்கும்படி கைடுகளிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால்தான் எழுதுவார்கள், அதில் தப்பொன்றும் இல்லை.